இடது காலுக்கு ஓர் இடது கை

அந்த ஹாம்பர்க்காரி என் வலது பக்கத்தில், பஸ்ஸுக்கு நிற்பவளைப் போல நின்றுகொண்டிருந்தாள்.

பந்து என் கையில். கோல் கம்பங்கள் கண்ணெதிரே. இடது பக்கம் முழுக்க ஆளே இல்லாத புல்வெளி. அவள் என்னைப் பிடிக்க ஓடி வரவுமில்லை, கத்தவுமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலையை நான் செய்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

நானும் அதையே செய்தேன். உடம்பை வலப்பக்கம் திருப்பி, வலது காலால் ஓங்கி உதைத்தேன். பந்து அவள் நீட்டிய உள்ளங்கைகளில் மோதி, போன வேகத்தில் திரும்பி என் மூக்குக்கே வந்தது.

அன்றைக்கு அது ஐந்தாவது முறை.

மூக்கைப் பொத்திக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்த என்னிடம் அவள் குனிந்து, உண்மையான அக்கறையோடு கேட்டாள்: "உனக்கு இன்னொரு காலும் இருக்கிறது, தெரியுமா?"

கிண்டல் செய்திருந்தால்கூட நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அக்கறையை என்ன செய்வது? "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். மிச்ச ஆட்டம் முழுக்க எனக்குக் கிடைத்த வேலை, தண்ணீர் பாட்டில் தூக்குவது.

உரிக்காத தேங்காய்

இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு நான் பெர்லினில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர் என்பது தெரியும். அதாவது, அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். நாற்பதைத் தாண்டிய பிறகு ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடப் போனேன் என்பது தெரியாது. என் சொந்தக்காரர்களிலேயே பாதிப் பேருக்கு இந்த வாரம்தான் தெரியப்போகிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஜென். மெல்பர்ன் பக்கத்திலிருந்து வந்தவள். ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை. அவள் எழுதும் புரோகிராமில் நான் பிழை கண்டுபிடிப்பேன். அவள் சாயங்காலங்களில் ஒரு பெண்கள் அணிக்குக் கோச். ஒருநாள், அவளுடைய புரோகிராமில் பதினேழாவது பிழையை நான் காட்டியபோது, என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு ஓடத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்."

"போதும். வியாழக்கிழமை வா."

அன்றிலிருந்து பகலில் நான் அவளிடம் குறை கண்டேன், மாலையில் அவள் என்னிடம் கண்டாள். கணக்கு நேராகிவிட்டது.

இது நாம் டிவியில் பார்க்கும் ஃபுட்பால் இல்லை. பந்து உரிக்காத தேங்காய் வடிவத்தில் இருக்கும். கையால் பிடிக்கலாம், தூக்கிக்கொண்டு ஓடலாம், ஆனால் எறியக்கூடாது. ஒன்று, உள்ளங்கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். இல்லையென்றால் கையிலிருந்து கீழே விட்டு, தரையைத் தொடுமுன் காலால் உதைக்க வேண்டும். உதைத்த பந்தை நம் கட்சிக்காரி தரையில் படாமல் பிடித்துவிட்டால் அவளை யாரும் நெருங்கக் கூடாது, நிதானமாக நின்று அடுத்த உதை உதைக்கலாம்.

கம்பங்கள் நான்கு. நடு இரண்டுக்குள் பந்து போனால் ஆறு புள்ளி. பக்கத்துச் சந்துகளில் போனால், பாவம் முயற்சி செய்தாளே என்று ஒரு புள்ளி. குறி தவறியதற்கும் மார்க் போடுகிற விளையாட்டு என்று கேட்ட பிறகுதான் நான் ஷூ வாங்கினேன்.

ஆஸ்திரேலியர்களுக்கு ஒருவர் பெயரை முழுதாகச் சொல்லப் பொறுமை கிடையாது. எங்கள் சங்கரன்கோவில் பக்கம் தெருவுக்கு நாலு கோமதி இருப்பார்கள், அம்மன் பெயர். ஜென் அதை முதல் நாளே 'கோ' என்று வெட்டிவிட்டாள். ஆங்கிலத்தில் கோ என்றால் போ. மைதானத்தில் யார் யாரைப் பார்த்து "கோ! கோ!" என்று கத்தினாலும் நான் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, "என்ன?" என்று திரும்பிப் பார்ப்பேன்.

போதாக்குறைக்குத் தர்சினி. அணியில் என்னை விட்டால் இன்னொரு தமிழச்சி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பத்து வயதில் அப்பா அம்மாவோடு பெர்லினுக்கு வந்தவள். நொய்கெல்ன் பகுதியில் வீடு, ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, ஏறக்குறைய என் வயது. அவளுடைய தமிழில் மரியாதைக்கு ஒரு 'கோ' சேரும். வாங்கோ, போங்கோ, உதையுங்கோ. பந்து என் கைக்கு வந்ததும் "உதையுங்கோ! உதையுங்கோ!" என்று அலறுவாள். 'உதையுங்' என்பது என் குடும்பப் பெயரா என்று ஜென் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

பதினான்காவது ஆள்

ஹாம்பர்க்கிலிருந்து திரும்பும் ரயிலில் ஜென் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கோ, நேராகச் சொல்லிவிடுகிறேன்."

ஆபீஸில் அவளுடைய பிழையைச் சொல்லும்போது நானும் இப்படித்தான் ஆரம்பிப்பேன்.

"உன்னைத் தடுக்க அவர்களுக்கு ஆளே வேண்டாம். உன் வலது பக்கம் ஒரு கதவை நிறுத்தி வைத்தால் போதும். ஹாம்பர்க்குக்குத் தெரிந்தது லைப்சிக்குக்கும் தெரியவரும். கடைசி மேட்ச் லைப்சிக்கில். ஆறு வாரம் இருக்கிறது. பதின்மூன்று பேரைக் கூட்டிப்போவேன். நாம் பதினான்கு பேர்."

"சரி."

"போவதற்கு முந்தின வியாழக்கிழமை, இடது காலால் பத்து உதை. ஆறு நேராகப் போனால் பட்டியலில் நீ இருக்கிறாய்."

"போகாவிட்டால்?"

"தண்ணீர் பாட்டில் தூக்க நல்ல ஆள் எப்போதும் தேவை" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியது. பள்ளிக்கூடத்தில் த்ரோபால் அணியில் ஒருமுறை பட்டியல் ஒட்டினார்கள். குள்ளம் என்று என்னைத் தூக்கிவிட்டு வேறொருத்தியைப் போட்டார்கள். அதற்குப் பிறகு என்ட்ரன்ஸ், காலேஜ், வேலை, கல்யாணம், விசா, வீடு மாற்றம் என்று வரிசையாக வந்ததில் ஓடுகிற விஷயமே மறந்துபோயிற்று. இப்போது நாற்பத்தொரு வயதில், ஒரு தாளில் பதின்மூன்று பெயர்களில் ஒன்றாக என் பெயர் வர வேண்டும் என்று இவ்வளவு ஆசையா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மறைத்து என்ன, ஆசை இருந்தது. மலையளவு இருந்தது.

ஸ்கிரீன்ஷாட் கேட்டேன்

அன்றுவரை என் இடது கால், வலது கால் விழாமலிருக்கத் துணைக்கு வந்த கால். அதற்கென்று சொந்தமாக ஓர் அபிப்பிராயமும் கிடையாது. அதனிடம் போய் 'உதை' என்றால் அது என்ன செய்யும்?

முதல் வாரம் பந்து எல்லா இடத்துக்கும் போயிற்று. பூங்காவில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் அடுப்புக்குப் போயிற்று. யோகா செய்துகொண்டிருந்தவர்களின் நடுவில் போயிற்று. ஒருமுறை நேர் பின்னால் போயிற்று. அது எப்படி என்று இன்றுவரை யாராலும் விளக்க முடியவில்லை.

இதற்கு நடுவே இன்னொரு தொல்லை. யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நம் பழக்கம். ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் நிமிடத்துக்கு மூன்று பேர் மேல் கால் படும். நான் எதிரணிக்காரியின் முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்வதற்குள் பந்து மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போயிருக்கும். பத்து வயதிலிருந்து பெர்லினில் வளர்ந்த தர்சினிக்கும் இது போகவில்லை. ஒரு பயிற்சியில் நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் மோதி, ஒருவர் காலை ஒருவர் தொட்டு மாறி மாறிக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். மற்றவர்கள் இது ஏதோ ரகசியத் திட்டம் என்று நினைத்தார்கள்.

"டிராப், கோ! உன் டிராப்தான் பிரச்சினை!" என்று ஜென் கத்திக்கொண்டே இருந்தாள்.

நம்மூரில் டிராப் என்றால் ஆளை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவது. இல்லையென்றால் ஆளையே நீக்குவது. நான் இரண்டாவது அர்த்தத்தை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகுதான் விளக்கினாள். பந்து கையிலிருந்து காலுக்கு விழுகிற விதத்துக்குப் பெயர் டிராப். வலது காலால் உதைத்தால் வலது கையிலிருந்து பந்து விழ வேண்டும், இடது காலால் உதைத்தால் இடது கையிலிருந்து. அப்போதுதான் பந்து நிமிர்ந்து விழும், நேராகப் போகும்.

"நீ இடது காலுக்கும் வலது கையால் விடுகிறாய்" என்றாள்.

"இல்லை. இடது கையால்தான் விடுகிறேன்."

"இல்லை, கோ."

"ஆமாம், ஜென்."

ஆபீஸில் இப்படி வாக்குவாதம் வந்தால் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்வேன்: ஸ்கிரீன்ஷாட். இங்கேயும் சொன்னேன். "தர்சினியை வீடியோ எடுக்கச் சொல்" என்று சொல்லிவிட்டு ஜென் போய்விட்டாள்.

பெர்லினில் ஒரு பழைய விமான நிலையத்தை அப்படியே பூங்காவாக விட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, விமானம் ஓடிய தார்ச்சாலை ஓரத்துப் புல்லில் நான் உதைக்க, தர்சினி என் போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தாள். இருபது உதைக்குப் பிறகு இருவருக்கும் பசி. அவள் டப்பாவில் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் கொண்டு வந்திருந்தாள். புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கையால் பிசைந்து சாப்பிட்டபடியே நான் இடது கையில் போனைப் பிடித்து வீடியோவைப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

"எங்க, காட்டுங்கோ பாப்பம்" என்றாள் தர்சினி.

வலது கை எச்சில். அதனால் இடது கையால் போனை நீட்டினேன். நீட்டும்போதே வலது மணிக்கட்டு தானாக எழுந்து வந்து இடது முழங்கையைத் தொட்டுக்கொண்டது. வாயும் தானாகச் சொல்லிற்று: "இடது கைன்னு தப்பா நினைக்காதீங்க."

தர்சினி போனை வாங்கவில்லை. என் கைகளையே பார்த்தாள். பிறகு இடியப்பம் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

"ஐயோ கடவுளே! இதைத்தானே அங்கயும் செய்யிறியள்!"

"எதை?"

"வீடியோவைப் பாருங்கோ. வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். இடது கை பந்தைப் பிடித்துக் கீழே இறக்குகிறது. எல்லாம் சரி. பந்து காலுக்கு ஒரு சாண் மேலே வரும்போது, எங்கிருந்தோ என் வலது கை குறுக்கே புகுந்து, இடது கையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பந்தைக் காலுக்குப் பணிவோடு சமர்ப்பிக்கிறது. இருபது உதையிலும் அப்படியே. ஒன்றில்கூட அது மரியாதை தவறவில்லை.

ஐஸ்கிரீம் வைத்திருந்த கை

இதற்கு வேர் எங்கே இருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் சித்தி கல்யாணத்தில்.

அப்போது எனக்குப் பத்து பதினோரு வயது. மண்டப வாசலில் தாம்பூலப் பை கொடுக்க என்னை நிறுத்தியிருந்தார்கள். அதே நேரம் பந்தியில் ஐஸ்கிரீம் போட்டார்கள். ஒரு கப்பை வாங்கி வந்து வலது கையில் வைத்துக்கொண்டு கடமையைத் தொடர்ந்தேன். மாப்பிள்ளையின் பெரிய அத்தை வந்தார். பட்டுப்புடவை, வைரத்தோடு, நெற்றியில் ரூபாய் அகலப் பொட்டு. நான் பையை நீட்டினேன்.

"ஏட்டி, இங்க வந்து பாரு! பீச்சாங்கையால கொடுக்கா!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அத்தை பையை வாங்காமல் வேனில் ஏறிவிட்டார். பின்னாலேயே அவர் வகையறா முழுக்க ஏறிற்று. சித்தியின் வளைகாப்பு வரைக்கும் அந்த வீட்டில் ஒருத்தரும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு அதிகம், மேளக்காரர் தாமதம், மாப்பிள்ளைக்கு மோதிரம் லூஸ். அத்தனையையும் விட்டுவிட்டு இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் அந்தக் கல்யாணத்துக்குப் பெயர் 'கோமதி பை கொடுத்த கல்யாணம்'.

அம்மா திட்டவில்லை. "ரெண்டு கையாலயும் கொடுத்திருந்தா கொறைஞ்சா போயிருவ?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து என் இடது கை எதைக் கொடுக்கப் போனாலும் வலது கை துணைக்குப் போகும். முப்பது வருஷமாக என் இடது கை தனியாக யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. என் சொந்தக் காலுக்கும்கூடத்தான்.

கதையைக் கேட்ட தர்சினி சம்பலை வழித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"இஞ்ச பாருங்கோ. நீங்கள் பந்தைக் காலுக்குக் குடுக்கிறியள். குடுக்கிறதெண்டா உங்களுக்கு மரியாதை வந்திடுது. குடுக்காதேங்கோ. விடுங்கோ."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எப்பிடி ஒண்டாகும்? நான் வேலை செய்யிற இடத்தில, ஒரு ஐயாவுக்கு மருந்தைக் குடுக்கிறது வேற. அவற்ற கையை விட்டிட்டு, நடவுங்கோ எண்டு விடுறது வேற. விடுற நேரம் நாங்கள் ஒண்டும் குடுக்கிறேல்ல. பிடிச்சதை எடுக்கிறம், அவ்வளவுதான்."

கை கழுவிவிட்டு எழுந்தேன். வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டு, வராதே என்று அதனிடமே சொன்னேன். இடது உள்ளங்கையில் பந்து. இரண்டு எட்டு வைத்தேன். கொடுக்கவில்லை. விட்டேன்.

பந்து காலில் பட்ட சத்தமே வேறாக இருந்தது. பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு, தலை நிமிர்ந்து, நேராகப் போயிற்று. தூரம் ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு லாரியின் நீளம் இருக்கும். நான் அதன் பின்னால் ஓடினேன், தர்சினி என் பின்னால் ஓடி வந்தாள், நாய் ஒன்று எங்கள் இருவருக்கும் முன்னால் ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்தது.

வீட்டில் ஒரு புரட்சி

பிறகு முழுமூச்சாக இறங்கினேன். பல் தேய்ப்பது, சாவி திருப்புவது, துணியை மெஷினில் போடுவது எல்லாம் இடது கை. படுக்கையறையில் கட்டில் மேல் பந்தை இடது கையால் விட்டுக்கொண்டே இருப்பேன், ஒருநாளைக்கு நூறு தடவை. கீழ்வீட்டு ஜெர்மன் பாட்டியம்மா வந்து, உங்கள் வீட்டில் யாராவது அடிக்கடி கீழே விழுகிறார்களா என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் குமார், காலையில் காப்பி கைக்கு வருமுன் கண்ணைத் திறக்காதவர். ஒரு காலை டம்ளரை இடது கையால் நீட்டினேன். அன்றைக்குப் பார்த்துக் கண்ணைத் திறந்தார்.

"ஏய், என்ன இது? பீச்சாங்கையால காப்பி கொடுக்க?"

"கொடுக்கலை. விடுதேன்."

"என்னது?"

"சீக்கிரம் பிடிங்க. விட்டிருவேன்."

மனிதர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு இன்றுவரை அவர் காப்பிக்குத் தானே எழுந்து சமையலறைக்கு வருகிறார். இந்த விளையாட்டால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த நிரந்தர லாபம் அது.

விபரீதம் கோயிலில் வந்தது. நொய்கெல்ன் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமை கூட்டம். ஐயர் திருநீறு கொடுத்துக்கொண்டே வந்தார். நான் பக்தியோடு கண்ணை மூடிக் கையை நீட்டினேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தால், ஐயரின் விரல்கள் அந்தரத்தில் நிற்கின்றன.

"பிள்ளை, மற்றக் கை" என்றார் மெதுவாக.

நான் நீட்டியிருந்தது இடது கை. பக்கத்தில் நின்ற தர்சினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். வெட்கத்தோடு கையை மாற்றினேன். முருகா, கோபித்துக்கொள்ளாதே என்று வேண்டிக்கொண்டேன். உனக்குப் பன்னிரண்டு கை. அதில் ஆறு இடது கைதானே? உனக்குத் தெரியாத கஷ்டமா?

பத்தில் ஆறு

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஜென் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முப்பது காலடி தூரத்தில் தர்சினி. பந்து அவள் கைக்கெட்டும் இடத்துக்குப் போனால் சரி, இல்லாவிட்டால் தவறு.

முதல் இரண்டும் சரி. மூன்றாவது, தலைகால் தெரியாத சந்தோஷத்தில் புதருக்குள் போயிற்று. நான்கு சரி, ஐந்து தவறு, ஆறு சரி. ஏழாவதை உதைக்கப் போகும்போது வலது கை எட்டிப் பார்த்தது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அதுவும் தவறு. எட்டு சரி.

ஒன்பதில் காற்று வந்து பந்தைத் தள்ளிக்கொண்டு போயிற்று. ஆனால் தர்சினி முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஓடுகிறவள். பாய்ந்து விழுந்து பிடித்துவிட்டாள்.

"அது அவளுடைய உதவி" என்றாள் ஜென்.

"கைக்கெட்டினது கைக்கெட்டினதுதான்!" என்று தர்சினி புல்லில் கிடந்தபடியே ஜெர்மனில் சண்டைக்குப் போனாள். "ரூல் போட்டது நீ!"

ஜென் பெஞ்சிலிருந்து இறங்கினாள். "சரி. ஆறு" என்றாள்.

பத்தாவதை நான் உதைக்கவில்லை. அதற்கு ஒரு மணி நேரம் கழித்துப் போனில் பட்டியல் வந்தது. பதினோராவது வரியில் கோமதி என்று முழுப் பெயராகப் போட்டிருந்தாள். யூ-பான் சுரங்க ரயிலில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனதில், இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் தாண்டிவிட்டேன்.

லைப்சிக்

லைப்சிக்கில் மைதானம் ஈரமாக இருந்தது. என்னைத் தடுக்க நிறுத்தப்பட்டவள் என்னைவிட ஒரு தலை உயரம், பொன்னிறப் பின்னல், பெயர் ஹன்னா. ஜென் சொன்னது சரிதான், ஊர் விட்டு ஊர் செய்தி போயிருந்தது. விசில் ஊதியதும் ஹன்னா நேராக வந்து என் வலது பக்கத்தில் நின்றுகொண்டாள்.

முதல் பாதியில் எனக்குப் பந்தே சரியாக வரவில்லை. வந்த இரண்டையும் பயத்தில் கையால் குத்திப் பக்கத்திலிருந்தவளுக்கு அனுப்பிவிட்டேன். ஜென் வெளியில் தண்ணீர் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அதுதான் அதிக பயமாக இருந்தது. ஆறு வாரம் பழகியதை ஒருமுறைகூடச் செய்யாமல் ரயிலேறிவிடுவேனோ என்று தோன்றிற்று.

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவதில், இடது ஓரக் கோட்டருகே பந்து உருண்டு வந்து என் கையில் ஏறிற்று. வலது பக்கம் ஹன்னா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். முன்னால் தூரத்தில் தர்சினி கோலை நோக்கி ஓடுகிறாள். ஓடிக்கொண்டே கத்தினாள்:

"கோமதி! விடுங்கோ!"

ஒன்றும் யோசிக்கவில்லை. இடது பக்கம் இரண்டு எட்டு, இடது கை, இடது கால். ஹன்னா எனக்கு வலது புறத்தில் வெறுங்காற்றைத் தடுத்துக்கொண்டு நின்றாள். பந்து அவளைத் தாண்டி, பின்னால் நின்ற இன்னொருத்தியைத் தாண்டி, தர்சினியின் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் நிதானமாக நின்று, நடுக் கம்பங்களுக்குள் உதைத்தாள். ஆறு புள்ளி.

நான் கத்திய கத்தல் என் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று தெரியவில்லை. அதற்குள் லைப்சிக் கோச் ஓரத்திலிருந்து ஜெர்மனில் பதறினாள்: "ஹன்னா! அவள் இடது கால்! இடது கால்காரி! இடது பக்கத்தை மூடு!"

ஹன்னா தலையாட்டிவிட்டு, என்னைச் சுற்றி நடந்து வந்து, என் இடது பக்கத்தில் உறுதியாக நின்றுகொண்டாள்.

எனக்கு நம்பவே முடியவில்லை. என் வலது பக்கம் முழுக்க யாருமில்லை. கோல் வரைக்கும் வழி திறந்து கிடந்தது. அடுத்த பந்து வந்ததும் என் பழைய வலது காலால், கண்ணை மூடிக்கொண்டு உதைக்கத் தெரிந்த அந்த ஒரே உதையை உதைத்தேன். அதுவும் நடுவில் போயிற்று.

ஆட்டத்தில் தோற்றோம், ஐந்து புள்ளியில். ஜென் எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டு என்னிடம் வந்து, "டிராப் நன்றாக இருந்தது" என்றாள். ஆபீஸில் நான் அவளிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. திங்கட்கிழமை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு அணியும் வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டோம். ஹன்னாவின் முறை வந்தது. என் கையைப் பிடித்தவள் விடாமல் குலுக்கினாள். முகத்தில் நிஜமான வருத்தம்.

"எங்களுக்குத் தப்பான தகவல் கொடுத்துவிட்டார்கள்" என்றாள். "நீ பிறவியிலேயே இடது கால்தானே?"

பக்கத்தில் தர்சினி இருமினாள்.

"ஆமாம்" என்றேன். "வலது காலை இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்."